கட்டத்தில் விழாத அடி

சென்னியப்பன் உலகப் புகழ் பெற்றவன். அந்த உலகத்தின் மக்கள்தொகை சுமார் முந்நூறு. அதில் பாதிப் பேர் பின்லாந்திலும் போலந்திலும் இருந்தார்கள். மீதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டாருக்கே சரியாகத் தெரியாது. அத்தனை பேரும் 'பல்லி' என்ற மென்பொருளில் இசை அமைக்கிறவர்கள். அந்தப் பல்லியை எழுதி, அதன் வால் அறுந்து விழும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பவன் சென்னியப்பன். கோவை கணபதியில், மூன்றாம் மாடி வீட்டில், துணி காயப்போடும் அறையில் அவனுடைய தலைமைச் செயலகம் இயங்கிவந்தது.

பல்லி ஒரு டிராக்கர். ஊரிலுள்ள மற்ற இசை மென்பொருள்களில் சுரங்கள் வண்ணப் பட்டைகளாக இடமிருந்து வலமாக ரயில்பெட்டி மாதிரி போகும். அதற்குப் பியானோ ரோல் என்று பெயர். மேலே இருந்தால் உச்சம், கீழே இருந்தால் மந்தரம், நீளப் பட்டை என்றால் நீளச் சுரம். சின்னக் குழந்தைகூட மவுசைப் பிடித்து இழுத்து ஒரு பாட்டுப் போட்டுவிடும். டிராக்கரில் அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. எழுத்தும் எண்ணுமாகத் திரையில் மேலிருந்து கீழே கொட்டும். மளிகைக்கடை ரசீது நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. சென்னியப்பனின் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை ஆடிட்டர் என்று சொந்தத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடைசிவரை அவரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை. சென்னியப்பனுக்கும்தான்.

அந்த ரசீதின் ஓரத்தில் ஒரு சின்னப் பத்தி உண்டு. தாமதப் பத்தி. இந்தச் சுரம் இந்த வரிக்குரியதுதான், ஆனால் ஒரு துளி தள்ளி ஒலிக்கட்டும் என்று அங்கே ஓர் எண் போடலாம். அந்தத் துளி இல்லாவிட்டால் பாட்டு கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், கேட்டால் தையல் மிஷின் ஓடுவது போலிருக்கும். துளி இருந்தால் ஓர் ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும். பல்லிக்காரர்கள் உயிரைக் கொடுப்பது அந்தப் பத்திக்காகத்தான்.

'பல்லிக்குள்ளேயே ஒரு பியானோ ரோல் வைக்கலாமே' என்று வருஷத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். சென்னியப்பன் எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்புவான்: 'பல்லிக்கு இறக்கை வைத்தால் அது பல்லியாக இருக்காது. கண்டவர்கள் துடைப்பத்தைத் தூக்குவார்கள்.'

இந்தப் பதில் செல்லுபடியாகாமல் போனது, கேட்டது அவன் மனைவி என்பதால்.

அவள் பெயர் கோகிலவாணி. ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாற்பதைத் தொடும் முன்பே அவளுடைய கால்கள் வகுப்பறை வாசலில் நிற்க ஆரம்பித்தன. வராந்தாவில் நன்றாக நடந்து வருவாள். நிலைப்படியைக் கண்டதும் பாதம் இரண்டும் தரையில் முளைத்துவிடும். தூக்கச் சொன்னால் தூக்காது. மருத்துவர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். வாணி 'கோந்து' என்று வைத்துக்கொண்டாள். பிறகு பேச்சிலும் கோந்து ஒட்டியது. பாதி வாக்கியத்தில் நின்று, மீதியைக் கண்ணால் தேடுவாள்.

அப்போதுதான் 'சரளம்' என்ற நிறுவனத்தின் நடைமணி வந்திருந்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், மாத்திரை அளவில் ஒரு கருவி. மூளை தொலைத்துவிட்ட தாளத்தை மெல்லிய துடிப்புகளாக அது எடுத்துக் கொடுக்கும். இப்போது இடது கால், இப்போது வலது கால், இப்போது மூச்சு, இப்போது சொல். அந்தத் துடிப்புகளை எழுத நுணுக்கமான ஒரு கோப்பு வடிவம் வேண்டியிருந்தது. சரளத்தின் முதல் பொறியாளர் அந்த முந்நூறு பேரில் ஒருவராக இருந்ததால் பல்லியின் கோப்பு வடிவத்தையே வைத்துவிட்டார்.

ஆக, வாணியும் நடைமணி பொருத்திக்கொண்டதும், மனைவி எப்படி நடக்க வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதைக் கணவன் உட்கார்ந்து எழுதுகிற வாய்ப்பு சென்னியப்பனுக்குக் கிடைத்தது. "எந்தப் புருசனுக்கும் கிடைக்காத பாக்கியம்" என்பான் அவன். "எந்தப் பொண்டாட்டிக்கும் வரக்கூடாத கெரகம்" என்று வாணி திருத்துவாள்.

ஆனால் அவன் அந்த வேலையைப் பயந்து பயந்துதான் செய்தான். நோய்க்கு முன்னால் எடுத்த வீடியோக்களையெல்லாம் போட்டுப் பார்த்தான். இடது கால் வலதைவிட ஒரு துளி தாமதித்து ஊன்றுவதைக் கண்டுபிடித்தான். சிரிப்பதற்கு முன்னால் மூச்சை ஒரு நொடி பிடித்துவைப்பதைக் கண்டுபிடித்தான். முக்கியமாக, அவள் சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. அவன் எதையாவது சொல்லிவிட்டு, தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிற அளவுக்கு நீளமான இடைவெளி. அதன் பிறகுதான் விழும். திருமணமான நாளிலிருந்து அவனை ஒவ்வொரு முறையும் ஏமாற்றிய அந்த இடைவெளியைத் தாமதப் பத்தியில் எண்ணாக எழுதுவதற்கு அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. எழுதி ஏற்றிய அன்று அவள் அவன் வைத்த ரசத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னாள். சரியான இடைவெளிக்குப் பிறகு. அவன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தான். ரசம் அவ்வளவு மோசமா என்று அவள் கேட்டாள்.

சரளத்திலிருந்து விக்னராஜ் என்கிற இளம் மேலாளர் வீட்டுக்கு வந்தது அதற்குப் பின்னால் மூன்றாவது வருஷம்.

"நடைமணி போட்டவங்க இப்ப ஆயிரக்கணக்குல இருக்காங்க சார்" என்றான் காபியை ஆற்றிக்கொண்டே. "சின்ன மாத்தம் பண்ணணும்னாலும் எங்க டெக்னீஷியன்கிட்ட வரணும். பல்லி படிக்கத் தெரிஞ்சவங்க எங்க கம்பெனியிலேயே ஆறு பேர்தான். அதுல ரெண்டு பேர் ராஜினாமா குடுத்துட்டாங்க. உள்ளேயே ஒரு பியானோ ரோல் இருந்தா அவங்கவங்க வீட்லயே இழுத்து வெச்சுக்குவாங்க."

"யார் இழுப்பாங்க?"

"பேஷன்ட். இல்லைன்னா வீட்ல இருக்கறவங்க."

"அதத்தாங்க நானும் கேக்கறேன். மளிகை ரசீதாட்ட இருக்கறவரைக்கும் எவனும் கை வெக்க மாட்டான். கலர் பட்டையாக் கண்ணுக்கு முன்னால வெச்சா? வீட்ல சும்மா இருக்கறவனெல்லாம் அம்மாவ நல்லா நடக்க வெக்கறேன்னு கிளம்பிருவான். கஷ்டமா இருக்கறதுதாங்க இதுக்குப் பூட்டு."

உள்ளறையிலிருந்து வாணி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடைவெளி விட்டாள்.

"பூட்டு சரிங்க. சாவி யார்கிட்ட இருக்குது?"

"அம்மிணி, உனக்குத்தான் நான் இருக்கறனே."

"அதான் கேக்கறேன். காலு என்னுது. நாக்கு என்னுது. சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல படி ஏறறப்ப வேகம் பத்தலீன்னா நீங்க துணி காயப்போடற ரூமுக்குப் போயி ரெண்டு தட்டு தட்டுனாத்தான் நான் ஏற முடியும். உங்களுக்கு வயித்தால போனா அன்னைக்கு நான் லீவு போடோணும்."

"சொல்லித் தர்றேன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மூணு வருசமாச் சொல்லித் தர்றீங்க. ஆரம்பிக்கறப்பவே பதினாறு வரைக்கும் எண்ணறதுக்குப் புது எண் முறைங்கறீங்க. பத்து விரல் வெச்சுட்டுப் பொறந்தவகிட்ட. நான் பாடம் கேக்கலீங்க. சாவி கேக்கறேன்."

விக்னராஜ் காபியைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, மேட்ச் பார்ப்பது போல இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான் சென்னியப்பன். வாழ்க்கையில் அவன் கொண்டிருந்த ஒரே கொள்கை அந்த இரண்டெழுத்தில் முடிந்தது. "ஆனா ஒண்ணு. இனிமே உன்ற கோப்புல நான் கை வெக்க மாட்டேன். நீயேதான்."

"அதுதான் நியாயம்" என்றாள் வாணி.

அவன் பியானோ ரோலை எழுதினான். நன்றாகவே எழுதினான். பட்டைகளுக்கு மாங்காய்ப் பச்சையும் மஞ்சளும் கொடுத்தான். பட்டையை இழுத்துவிட்டால் அருகிலுள்ள கட்டத்தில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ள ஸ்நாப் என்கிற வசதி வைத்தான். கை நடுங்குகிறவர்களுக்கு அது வேண்டும் என்று வாணிதான் சொன்னாள். சேமிக்க மறப்பவர்களுக்காக, மூடும்போது தானே சேமிக்கும்படி செய்தான். எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே சோதித்தான். பழைய டிராக்கர்காரன் மவுசைத் தொடுவதில்லை. தான் செதுக்கிய கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகக் கூச்சப்படுகிற நாத்திகச் சிற்பி மாதிரி, அந்த ரோலை ஒரு முறைகூட அவன் ஒரு சாதாரண ஆளைப் போலத் திறந்து பார்த்து மூடவில்லை.

மூடியிருந்தால் தெரிந்திருக்கும். ரோலில் தாமதத்தைக் காட்ட இடமில்லை. ஸ்நாப் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டது. ஒரு கோப்பைத் திறந்து சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு மூடினாலே போதும், உள்ளே இருந்த துளிகளெல்லாம் துடைக்கப்பட்டு, எல்லாச் சுரங்களும் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

வாணி முதல் நாள் பட்டைகளை இழுத்து இழுத்து விளையாடினாள். சமையலறை நிலைப்படியை நிற்காமல் தாண்டினாள். திரும்பி வந்து மறுபடி தாண்டினாள். "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று வாசல் வாசலாகப் போய் வந்தாள். பூஜை அறை, குளியலறை, பால்கனி. சென்னியப்பன் அவள் பின்னாலேயே போய்க் கை தட்டினான். அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

அவனுக்கு முதலில் உறுத்தியது காதில்தான். வராந்தாவில் காலடி கேட்டால் வருவது வாணியா இல்லையா என்று அவனுக்குக் கதவைத் திறக்காமலே தெரியும். ஒரு நாள் அவள் என்று நினைத்துக் கதவைத் திறந்தான். நின்றது எதிர்வீட்டுத் தண்டபாணி.

தண்டபாணி மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் நடைமணிதான். குடியிருப்பில் அவர் சண்டை போடாத ஆளில்லை. பார்க்கிங்குக்கு ஒரு சண்டை, தண்ணீர் லாரிக்கு ஒரு சண்டை, தீபாவளிக்கு வெடி வைத்தால் தனிச் சண்டை. இன்றைக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"உங்க வண்டி என்ற எடத்துல நிக்குதுங்க" என்றார்.

"அடடா, எடுத்தர்றேனுங்க."

"சரிங்க. நிக்கட்டும் பரவால்லீங்க."

போய்விட்டார். சென்னியப்பன் வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே வந்த அவர் மகள் நித்யாவிடம், "அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லியா கண்ணு?" என்று கேட்டான்.

"நல்லா இருக்காருங்ணா. நீங்க குடுத்த அந்தக் கலர் பட்டை, சாமி கண்ணத் தொறந்த மாதிரி. ஒரு தடவதான் தொறந்து பாத்தேன். ஒண்ணுமே மாத்தல. அடுத்த நாள்ல இருந்து மனுசன் எது சொன்னாலும் சரிங்கறாரு. இட்லி வெச்சா இட்லி, உப்புமா வெச்சா உப்புமா. உங்களுக்குக் கோயில் கட்டோணும்."

சென்னியப்பன் சிரித்தான். படியிறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

குடியிருப்புக்குப் பின்னால் மாநகராட்சிப் பூங்கா. அங்கே நடைமணிக்காரர்கள் கூட்டமாக நடப்பார்கள். எப்போதும் சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி ஆளுக்கொரு சத்தமாக இருக்கும். அன்று அவன் வேலியோரம் நின்று கேட்டபோது ஒரே ஓர் ஆள் நடக்கிற சத்தம் வந்தது. மிகப் பெரிய ஓர் ஆள். பார்த்தால் இருபது முப்பது பேர். கருவிகள் எல்லாவற்றுக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறியது துளிகள் மட்டும். துளிகள் போய்விட்டன. எல்லோருடைய இடது காலும் ஒன்றாக விழுந்தது. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில், பச்சைப் புடவையில், வாணி இருந்தாள். அவளும் நிறுத்தினாள்.

அவன் அன்றே பிழையைக் கண்டுபிடித்தான். அன்றே திருத்தினான். திருத்தத்தை அனுப்பிவிட்டு விக்னராஜைக் கூப்பிட்டான்.

"பாத்தேன் சார்" என்றான் விக்னராஜ். "நாங்க அதப் போடறதா இல்ல. எங்க பிரதிய இப்ப இருக்கறபடியே பூட்டிட்டோம்."

"தம்பி, அது பிழைங்க. நான் பண்ணுன பிழை."

"கீழ விழறவங்க பாதியாக் கொறஞ்சிருக்காங்க சார். வாசல்ல ஒட்டிக்கிட்டு நிக்கறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. குடும்பங்க குடுக்கற மதிப்பெண் இதுவரைக்கும் இப்படி வந்ததே கிடையாது. பிழைன்னு எந்த வாயால சொல்றது?"

"சண்ட போடறவங்களும் இல்ல, கவனிச்சீங்களா?"

"அதுக்கு மருந்து குடுக்கறோம்னு நாங்க எங்கயும் சொல்லலையே."

"பேசறதுக்கு முன்னால ஆளுக்கு ஒரு எடவெளி இருக்குதுங்க. அதுலதான் வேண்டாம்னு சொல்லலாமான்னு யோசிக்கறது. அத நீங்க எடுத்துட்டீங்க. சரி, நான் எடுத்துட்டேன். வேண்டாம்ங்கறதுக்கு எடமே இல்லாமப் போச்சு. போட்டிருக்கறவங்களக் கேட்டீங்களா?"

"கேட்டோம் சார். முறைப்படி எல்லாரையும் கேட்டோம். எல்லாரும் இப்படியே இருக்கட்டும்னுட்டாங்க."

"சொல்றதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துட்டாங்க?"

"சார்?"

"கேட்டதுக்கும் பதிலுக்கும் நடுவுல."

மறுமுனையில் விக்னராஜ் யோசித்தான். அவனுக்கு இன்னும் யோசிக்க இடம் இருந்தது. "உடனே சொல்லிட்டாங்க சார்" என்றான் மெதுவாக. பிறகு அலுவலகத்தில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

சென்னியப்பன் வாணியிடம் போனான். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா ஒரே சீராக டிக், டிக் என்று விழுந்தது.

"அம்மிணி, பழைய கோப்பு எங்கிட்ட இருக்குது. அதப் போட்டரலாமா?"

"வேண்டாங்க. நல்லாத்தான இருக்குது."

கேள்வியின் கடைசி எழுத்து அவன் வாயில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

"நீ யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேனுங்க."

"சரி, நான் சண்டைக்குக் கூப்பிடறேன். உன்ற அண்ணன் ஒரு ஆகாவழி."

"சரிங்க."

அவளுடைய அண்ணனை உதவாக்கரை என்று அவன் கடைசியாகச் சொன்னபோது, இரண்டு நாள் வீட்டில் அடுப்பெரியவில்லை. சென்னியப்பன் துணி காயப்போடும் அறையில் போய் உட்கார்ந்தான். உன் கோப்பில் கை வைக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அவளோ வேண்டாம் என்கிறாள். ஆனால் வேண்டாம் என்று சொன்னது யார்? தான் எழுதிய பச்சை மஞ்சள் பட்டைகள் அல்லவா சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் முன்பு அவள் போட்ட சண்டையையும் அவன்தான் எழுதினான். யோசிக்க யோசிக்க, தன் மனைவி என்று ஒரு தனி ஆள் எங்கே தொடங்குகிறாள் என்பதே அவனுக்குப் பிடிபடாமல் போனது. நல்ல ஆடிட்டராகவாவது ஆகியிருக்கலாம் என்று தோன்றியது.

அவள் சமையலறைக்கு எழுந்துபோன நேரத்தில் அவன் பழைய கோப்பை ஏற்றினான்.

காலடி நின்றது. அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். வாணி நிலைப்படியில் நின்றிருந்தாள். பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடினாள். இடது காலை ஒரு துளி தாமதித்து எடுத்துவைத்துத் தாண்டினாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இடைவெளி வந்தது. சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவன் மாதிரி நின்றான்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"அம்மிணி—"

"சாவி எங்கிட்டன்னீங்க. கை வெக்க மாட்டேன்னீங்க. எங்கிட்டக் கேட்டீங்க, நான் வேண்டாம்னேன். வேண்டாம்னா என்னங்க அர்த்தம்? எங்கண்ணன் ஆகாவழியா? உங்க தம்பி என்ன கலெக்டரா?"

அவன் முகம் மலர்ந்துபோய் நின்றதைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அரைமணி நேரம் திட்டினாள். அவன் ஒரு வார்த்தையையும் சிந்தாமல் வாங்கிக்கொண்டான். பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதையும் கேட்டுக்கங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அந்த நாளெல்லாம் எனக்குப் பயமே இல்லீங்க. வாசல் கண்ணுக்கே தெரியல. வகுப்புக்குப் போனேன், பாடம் எடுத்தேன், வந்தேன். போன வருசம் பிள்ளைங்க முன்னால விழுந்து சேலை வெலகிக் கெடந்தேனே, அந்த நெனப்பே வரல. இப்ப மறுபடி எல்லா வாசலும் தெரியுது. நீங்க ஆசையாத் திருப்பிக் குடுத்தீங்களே எடவெளி, அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? சண்டை பாதி. பயம் பாதி."

சென்னியப்பன் அருகே வந்தான். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"இப்ப கேளுங்க என்னய" என்றாள். "இப்ப இருக்கறவளக் கேளுங்க."

"எது வேணும்?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். குக்கர் விசில் வந்து அடங்கியது.

"வாரத்துல ஆறு நாளும் பட்டை இருக்கட்டும். எனக்குப் பள்ளிக்கூடம் வேணும். ஞாயித்துக்கிழமை காலைல பழசப் போடுங்க. போட்டுட்டு என்னயக் கேளுங்க. அன்னைக்கு நான் சொல்றதுதான் கணக்கு. மத்த நாள்ல நான் சொல்ற சரி என்னோட சரி இல்ல. அத நீங்க எடுத்துக்கக் கூடாது. எந்தக் காரியத்துக்கும் எடுத்துக்கக் கூடாது. புரியுதுங்களா?"

"புரியுது."

"சத்தியமா?"

"பல்லி மேல சத்தியமா."

அவள் சிரிப்பதற்கு முன்னால் மூச்சைப் பிடித்தாள். பிறகு சிரித்தாள்.

அப்படித்தான் அவர்கள் வாழ ஆரம்பித்தார்கள். வாரம் முழுக்க வீட்டில் ஒரு சாந்தமான பெண்மணி இருந்தாள். எது கேட்டாலும் சரி என்றாள். சென்னியப்பன் அவளிடம் எதையும் கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டான். நித்யா தன் அப்பாவின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டாள், அவர் உடனே சரி என்றாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து வாணி கையெழுத்துப் போட வேண்டிய எதையும் அவன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்தான். ஞாயிறு காலை பழைய கோப்பு ஏறும். அவள் ஒரு வாரத்துச் சண்டையையும் சேர்த்துப் போடுவாள். தேங்காய்ச் சட்னியிலிருந்து தொடங்கி அவன் தம்பி வரைக்கும் போவாள். பூங்காவில் அந்தப் பெரிய ஒற்றைக் காலடி கேட்கும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். மாலையில், "சரி, மறுபடி பட்டையப் போடுங்க" என்பாள். ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்லுமுன் அவள் விட்ட இடைவெளியை அவன் காது கொடுத்துக் கேட்டான். அது இருக்கிறவரை பரவாயில்லை என்று வைத்துக்கொண்டான்.

மழை முடிந்து குளிர் தொடங்கிய சமயத்தில் சண்டைகள் குட்டையாயின. அன்பு கூடிவிட்டது என்று அவன் தன்னை மெச்சிக்கொண்டான். பிறகு அவள் ஜன்னலைச் சாத்த மறந்தாள்.

பொங்கலுக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை, வழக்கம் போலப் பழைய கோப்பை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தான். வாணி ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மிணி, இந்த வாரம் எப்படி?"

"இப்படியே இருக்கட்டுங்க."

கோப்பு ஏறவில்லை என்று நினைத்தான். திரும்பிப் போய்ப் பார்த்தான். ஏறியிருந்தது. மளிகை ரசீது மேலிருந்து கீழே கொட்டிக்கொண்டிருந்தது. ஓரப் பத்தியில் தாமதங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன, ஒரு மழைக்காலம் உட்கார்ந்து அவன் எழுதிய அத்தனை துளிகளும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவளெதிரே வந்து உட்கார்ந்தான்.

"உன்ற அண்ணன் ஆகாவழி."

"ஆமாங்க."

"நீ வெக்கற புளிக்குழம்பு வாயில வெக்க முடியாது."

"மாத்தி வெக்கறேனுங்க."

அவன் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தான். உட்கார்ந்திருக்கும்போது இடது காலால் தாளம் போடுவது அவள் வழக்கம். திரையில் துடிப்பு ஒரு துளி தள்ளி விழுந்தது. பாதம் அதற்காகக் காத்திருக்கவில்லை. கட்டத்தில் கச்சிதமாக விழுந்தது. கருவி சொன்னதைக் கால் கேட்கவில்லை. வெளியே, திறந்திருந்த ஜன்னல் வழியாக, பூங்காவின் பெரிய காலடி கேட்டது. பாதம் அதனோடு விழுந்தது.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். "நாந்தான் சொல்லிட்டனே. ஞாயித்துக்கிழமை நான் சொல்றதுதான் கணக்கு. பட்டையப் போட்டருங்க."

அவள் போட்ட விதிதான். அவன் பல்லி மேல் சத்தியம் செய்த விதி. தப்பித்துவிட்டோம் என்று எதிராளி நினைக்கிற அளவுக்கு நீளமாக ஓர் இடைவெளி போனது. அது எவ்வளவு நீளமென்று அவனுக்கு எண்ணாகவே தெரியும். அவன் எழுதியதுதானே. இப்போது அது அவனிடம் மட்டும்தான் இருந்தது.

"முடியாது" என்றான் சென்னியப்பன். "நான் போட மாட்டேன். இனிமே பழசுதான்."

"சரிங்க" என்றாள் வாணி, அவன் சொல்லி முடிப்பதற்குள்.